கோடு கீறிக் குளிரைக் காட்டிய மனிதர்
(அலெக்சாண்டர் வொன் ஹம்போல்ட், 1769 – 1859)



சித்திரை பிறக்கிற நாட்களில் யாழ்ப்பாணத்தில் மத்தியானத்துச் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேலே நிற்கும். முற்றத்தில் நிற்கிற ஆளின் நிழல் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். அதே நாளில் இங்கே பேர்லினில் சூரியன் வானத்தில் அரைவாசி உயரத்துக்குத்தான் ஏறும். சாய்ந்து விழுகிற வெயில் கூடுதலான நிலத்தில் பரவுவதால் சூடு குறைந்துபோகிறது. மத்திய கோட்டிலிருந்து வடக்கே போகப்போகக் குளிர் கூடும் என்று பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது சுகம்.

ஆனால் எங்கட பிள்ளையள் அதோடு விடுவதில்லை. பேர்லின் இருப்பது வடக்கே 52½ பாகையில். ரொறன்ரோ இருப்பது 43½ பாகைக்குச் சற்று மேலே. மத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பது ரொறன்ரோதான். அப்படியென்றால் அங்கே இருக்கிற மாமி ஏன் எங்களைவிடக் கூடக் குளிருக்குள் நடக்கிறா? ஜனவரியில் ரொறன்ரோவின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 4 பாகை அளவில் நிற்கும். அதே அகலக்கோட்டில் பிரான்சின் கரையில் இருக்கிற நீஸ் நகரத்தில் 9 பாகை அளவு. சூரியன் இரண்டு ஊருக்கும் ஒரே உயரம். குளிர் மட்டும் ஏன் வேறு?

இந்தக் கேள்விக்கு முதன்முதலில் ஒழுங்கான பதிலைத் தேடித் தந்தவர் இந்தப் பேர்லின் நகரத்திலேயே பிறந்தவர். பல்கலைக்கழகத்துக்கு முன்னால் வெள்ளைக் கல்லில் கதிரையில் இருக்கிற இரண்டு சகோதரர்களின் சிலைகளை நம்மவர்களில் பலர் கண்டிருப்பீர்கள். நானும் வேலைக்குப் போகேக்க எத்தனையோ தரம் கடந்து போயிருக்கிறேன். அவர்களில் இளையவர்தான் அலெக்சாண்டர் வொன் ஹம்போல்ட். அவருடைய வாழ்க்கையைத்தான் இம்முறை எழுத நினைத்தேன்.

சுரங்கத்துக்குள் இறங்கிய பிரபு

ஹம்போல்ட் 1769ஆம் ஆண்டு செப்ரெம்பர் 14ஆம் திகதி பிறந்தார். தகப்பனார் பிரஷிய அரசின் படை அதிகாரியாக இருந்தவர். மகனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போதே காலமானார். தாயார் கண்டிப்பானவர். தமையன் வில்ஹெல்ம் மொழி அறிஞராகவும் பேர்லின் பல்கலைக்கழகத்தை நிறுவியவராகவும் புகழ் பெற்றார். தம்பிக்குச் சிறுவயதிலிருந்தே தூர தேசங்களிலேதான் மனம். தாயாருக்கோ பிள்ளை அரசாங்க உத்தியோகம் பார்க்கவேண்டும். நாங்கள் அறியாத கதையா இது?

தாயாரின் சொற்படி பிரைபேர்க் சுரங்கக் கல்லூரியில் படித்து, 1792இல் பிரஷியாவின் சுரங்க அதிகாரியானார். மேசைக்குப் பின்னால் இருந்து கையெழுத்து வைக்கிற அதிகாரியல்ல. தொழிலாளரோடு தானும் நிலத்துக்குள் இறங்கினார். நச்சு வாயுவுக்குள் வேலைசெய்கிறவர்களுக்காக ஒரு விளக்கையும் சுவாசக் கருவியையும் உருவாக்கினார். 1793இல் தன் கைக்காசைப் போட்டுத் தொழிலாளருக்கு ஒரு பள்ளிக்கூடமும் தொடங்கினார்.

1796இல் தாயார் காலமானார். பெருஞ்சொத்து கைக்கு வந்தது. உடனே உத்தியோகத்தை விட்டார். அந்தச் சொத்து முழுவதும் பயணத்திலும் புத்தகங்களிலும் கரைந்துபோனது வேறு கதை.

வெப்பமானியோடு ஐந்து வருடம்

1799 ஜூன் மாதம் ஸ்பெயினிலிருந்து கப்பலேறினார். கூடப் போனவர் எம்மே பொன்பிளான் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர். ஸ்பெயின் அரசரின் அனுமதிக் கடிதம் கையில் இருந்தது. வெப்பமானி, பாரமானி, தூரதரிசனி என்று பெட்டி பெட்டியாகக் கருவிகள். கடல் நீரையும் காற்றையும் அளந்து அளந்து எழுதிக்கொண்டே போனார். ஜூலை 16ஆம் திகதி இன்றைய வெனிசுவேலாவின் குமானாவில் இறங்கினார்கள்.

அடுத்த வருடம் வலென்சியா ஏரிக்கரை விவசாயிகள் ஏரி வற்றிப்போவதாக முறையிட்டார்கள். சுற்றியிருந்த காட்டை வெட்டியதும், வாய்க்கால் வெட்டி நீரைத் திருப்பியதுமே காரணம் என்று ஹம்போல்ட் கண்டார். மரம் நிழல் தருகிறது, ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, காற்றைக் குளிரப்பண்ணுகிறது. அதை வெட்டினால் ஊரின் காலநிலையே மாறும் என்று அப்போதே எழுதிவைத்தார்.

ஒறினோகோ ஆற்றின் நுளம்புக் கடிக்குள்ளும் பதிவு நிற்கவில்லை. அதன்பின் அண்டிஸ் மலைத்தொடர். 1802 ஜூன் 23ஆம் திகதி சிம்பொறாசோ மலையில் ஏறினார். உலகத்திலேயே உயர்ந்த மலை அதுதான் என்று அக்காலத்தில் நம்பினார்கள். முரசு கசிந்து இரத்தம் வர, மூச்சு முட்ட, 5,800 மீற்றருக்கு மேல் போனார்கள். பெரிய பள்ளம் ஒன்று குறுக்கிட்டதால் உச்சியைத் தொட முடியவில்லை.

ஆனால் உச்சியைவிடப் பெரிய விஷயம் வழியில் கிடைத்தது. அடிவாரத்தில் தென்னையும் வாழையும் வளருகிற வெக்கை. மேலே போகப்போக மரங்கள் மாறி, புல் வந்து, கடைசியில் உறைபனி. மத்திய கோட்டிலிருந்து துருவம் மட்டும் போகிற பயணத்தை ஒரே மலையில் செய்த மாதிரி. குத்துயரம் 1,000 மீற்றர் கூடினால் காற்று சராசரியாக 6½ பாகை குளிர்கிறது என்று இன்று சொல்கிறோம். கொழும்பில் வியர்த்து வழிகிற ஆள் நுவரெலியாவில் கம்பளி தேடுவதும் இதனால்தான்.

பெருவின் கரையில் இன்னொரு புதினம். லீமா நகரம் இருப்பது மத்திய கோட்டுக்குத் தெற்கே 12 பாகையில். வெக்கை கொதிக்கவேண்டிய இடம். ஆனால் மூடுபனியும் குளிர்ச்சியும். கடலுக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்தார். கரையோர நீர் 16 பாகை அளவில் இருந்தது. அதே அகலக்கோட்டில் நடுக்கடலில் இதைவிடப் பத்துப் பாகையளவு கூட. தெற்கிலிருந்து குளிர்ந்த நீரோட்டம் ஒன்று கரையோரமாக வருகிறது. அடியிலிருந்தும் குளிர்நீர் மேலெழுகிறது என்பதைப் பின்வந்தவர்கள் கண்டார்கள். அந்த நீரோட்டத்துக்குப் பிறகு அவருடைய பெயரையே வைத்தபோது அவர் சம்மதிக்கவில்லை. அங்குள்ள மீனவருக்கு அது முந்நூறு வருடமாகத் தெரியும், தான் அளந்தது மட்டுமே என்பது அவருடைய நியாயம்.

மெக்சிக்கோ, கியூபா, அமெரிக்கா என்று சுற்றி 1804 ஓகஸ்டில் ஐரோப்பாவுக்குத் திரும்பினார்.

1817: சமவெப்பக் கோடுகள்

பிறகு பல வருடம் பாரிஸில் இருந்து எழுதினார். தன் பதிவுகள் மட்டும் போதாது என்று அவருக்குத் தெரியும். பல நாடுகளிலிருந்த வைத்தியர்கள், பாதிரிமார், மாலுமிகள், ஆசிரியர்கள் எழுதிவைத்த கணக்குகளைக் கடிதம் போட்டும் புத்தகங்களில் தேடியும் சேர்த்தார். ஒரே வழியில் சராசரி பார்த்தார். ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களின் கணக்கு நம்பக்கூடியதாகத் தேறியது.

1817இல் அவர் செய்த வேலை பார்க்கச் சின்ன வேலை. வருடச் சராசரி வெப்பநிலை ஒரே அளவாக உள்ள இடங்களை ஒரு கோட்டால் இணைத்தார். காந்தத் திசைக்கு ஹலி என்ற ஆங்கில வானியலாளர் முன்னரே இப்படிக் கோடு கீறியிருந்தார். ஹம்போல்ட் அந்த வழியை வெப்பத்துக்குக் கொண்டுவந்தார். எங்கட புவியியல் புத்தகத்தில் படித்த சமவெப்பக் கோடு பிறந்தது இப்படித்தான்.

சூரியன் மட்டும்தான் காரணம் என்றால் அந்தக் கோடுகள் அகலக்கோட்டோடு ஒட்டி நேராகப் போகவேண்டும். போகவில்லை. பூச்சியப் பாகைக் கோடு வட அமெரிக்காவின் லப்ரடோர் கரையில் 54 பாகை அளவில் நிற்கிறது. அத்திலாந்திக்கைத் தாண்டி ஐரோப்பாவுக்கு வந்ததும் மேலே வளைந்து லப்லாந்தில் 66 பாகைக்கும் அப்பால் ஏறுகிறது. ஆசியாவுக்குள் போகப்போகத் திரும்பவும் தெற்கே இறங்குகிறது.

இந்த வளைவுகளுக்கான காரணங்களை அவர் ஒவ்வொன்றாக அடுக்கினார். தரை சுறுக்காகச் சூடாகும், சுறுக்காகக் குளிரும். கடல் ஆறுதலாகச் சூடாகி ஆறுதலாகவே ஆறும். எங்கட அகலக்கோடுகளில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும். மேற்கு ஐரோப்பாவுக்கு வருவது கடலைத் தடவி வருகிற காற்று. ரொறன்ரோவுக்கும் லப்ரடோருக்கும் வருவது உறைந்த பெருந்தரையைக் கடந்து வருகிற காற்று. நோர்வேக் கரைக்கு வெதுவெதுப்பான நீரோட்டம் போகிறது. லப்ரடோர்க் கரையால் குளிர் நீரோட்டம் இறங்குகிறது. நீஸ் நகரத்துக்கு வடக்கே அல்ப்ஸ் மலை மதில் மாதிரி நிற்கிறது. கனடாவில் வடதுருவக் காற்றை மறிக்கக் குறுக்கே மலை இல்லை. இப்போது மாமியின் குளிருக்குக் காரணம் விளங்கும்.

முந்திரிகை சொன்ன பாடம்

சராசரி மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்பதையும் அவர் காட்டினார். அயர்லாந்தின் கரையில் பனி உறைவது அருமை. குளிர் தாங்காத செடிகூட வெளியில் நின்று தப்பும். ஆனால் கோடைச்சூடு காணாது, முந்திரிகைப்பழம் பழுக்காது. காஸ்பியன் கடலோரத்து அஸ்திரகானில் மாரிகாலம் பூச்சியத்துக்குக் கீழே 25, 30 பாகைக்குப் போகும். ஆனால் தான் கண்டவற்றுள் அருமையான முந்திரிகை அங்கேதான் என்று எழுதினார். கோடையில் தரை காய்ந்து சூடேறுவதுதான் காரணம். ஆகவே கோடைக்கு ஒரு கோடு, மாரிக்கு ஒரு கோடு என்று வேறாகக் கீறவேண்டும் என்றார்.

கிடைக்காத அனுமதி

அஸ்திரகானுக்கு அவர் போனது விரும்பிய வழியால் அல்ல. அவருடைய பெருங்கனவு இந்தியாவும் இமயமும். அண்டிஸை இமயத்தோடு ஒப்பிடவேண்டும் என்று 1814 தொடக்கம் பலமுறை லண்டனுக்குப் போய்க் கேட்டார். கிழக்கிந்தியக் கம்பனி கடைசிமட்டும் அனுமதி கொடுக்கவில்லை. ஸ்பானியக் குடியேற்ற ஆட்சியின் கொடுமைகளையும் அடிமை வியாபாரத்தையும் அவர் கண்டித்து எழுதியதே காரணம் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகிறார்கள். ஒரு கடதாசிக்காகக் காத்திருந்து காத்திருந்து வருடங்கள் போவதன் வேதனையை நமக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

1829இல், அறுபது வயதை எட்டும்போது, ருஷியச் சக்கரவர்த்தியின் செலவில் ஊரல், அல்த்தாய் மலைகளைத் தாண்டிச் சீன எல்லை வரை போனார். அங்குள்ள பண்ணை அடிமைகளின் நிலைபற்றிப் பகிரங்கமாகப் பேசுவதில்லை என்ற நிபந்தனையை ஏற்றுத்தான் போகவேண்டியிருந்தது. கடலுக்கு எட்டாத பெருந்தரையின் காலநிலையை அங்கே கண்ணால் கண்டார். இன்றைய கணக்கில் சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரத்தில் ஜனவரிச் சராசரி பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையை ஒட்டி, ஜூலையில் 19 பாகை. ஏறத்தாழ அதே வடக்கில், கடற்கரையில் இருக்கிற நோர்வேயின் பேர்கனில் ஜனவரியிலும் பூச்சியத்துக்கு மேலே.

கடைசிக் காலம்

1827இல் மன்னர் அழைத்ததால் பேர்லினுக்குத் திரும்பியிருந்தார். இங்கே அவர் நடத்திய இலவச விரிவுரைகளுக்குத் தொழிலாளர், பெண்கள், பிரபுக்கள் என்று எல்லோரும் வந்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் கொஸ்மொஸ் என்ற பெருநூல். முதற்பாகம் 1845இல் வெளிவந்தது. அவருடைய தூண்டுதலால் 1847இல் பேர்லினில் வானிலை அவதான நிலையம் தொடங்கப்பட்டது.

நாங்கள் மறக்கக்கூடாத ஒரு விஷயமும் உண்டு. பிரஷிய மண்ணில் கால் வைக்கிற அடிமை எவரும் அக்கணமே சுதந்திர மனிதர் என்ற சட்டம் 1857இல் வந்தது. அதற்காக மன்னரிடம் விடாமல் வாதாடியவர் இந்தக் கிழவர்தான்.

1859 மே 6ஆம் திகதி, 89ஆவது வயதில் காலமானார். கையில் மிஞ்சியது கடன். ஆனால் பேர்லின் சனம் தெருவெல்லாம் திரண்டு வழியனுப்பியது. தேகலில் குடும்பக் கல்லறையில் தமையனுக்குப் பக்கத்தில் துயில்கிறார்.

அவர் கீறிய கோடுகள் இன்று நின்ற இடத்தில் நிற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தோடு பார்க்கையில் உலகத்தின் சராசரி வெப்பநிலை ஒரு பாகைக்கு மேல் கூடிவிட்டது. எரிபொருள் புகையும் காடழிப்பும் முக்கிய காரணம். கோடுகள் துருவப் பக்கமாக நகருகின்றன. அது தெரியவந்ததே, பல ஊர்களில் பலர் பொறுமையாக எழுதிவைத்த கணக்குகளால்தான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். எங்கட சனம் சிதறியிருக்கிற அளவுக்கு ஹம்போல்ட்டின் நண்பர்கள்கூடச் சிதறியிருக்கவில்லை. புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல ஒஸ்லோவுக்கும் ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் ஊருக்கும் எப்படியும் ரெலிபோன் எடுப்பீர்கள். அப்போது, இன்றைக்கு அங்கே எத்தனை பாகை என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கோ. ஊரின் அகலக்கோடு, உயரம், கடலுக்குத் தூரம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்கட்டும். ஒரு வருடம் விடாமல் எழுதினால், உலகப் படத்தில் அவர்களே ஒரு கோடு கீறிப் பார்க்கலாம்.