ஆல்டோ காஸ்டெல்லானி

ஆல்டோ காஸ்டெல்லானி (செப்டம்பர் 8, 1874 – அக்டோபர் 3, 1971) இத்தாலியைச் சேர்ந்த நோயியல் அறிஞரும் வெப்பமண்டல மருத்துவ வல்லுநரும் ஆவார். 1903 முதல் 1915 வரை இலங்கையில் பணியாற்றிய இவர், மனிதருக்கு நோய் தரும் பூஞ்சைகள் பற்றிய ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவர். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோரை இன்று தாக்கும் கேண்டிடா பூஞ்சைகள் சிலவற்றை முதன்முதலில் விவரித்தவர் இவரே.

வாழ்க்கைக் குறிப்பு

புளோரன்சு நகரில் பிறந்த காஸ்டெல்லானி, 1899 இல் அங்கேயே மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் ஜெர்மனியின் பான் நகரில் வால்டர் குரூசேயிடம் நுண்ணுயிரியல் பயின்றார். 1902 இல் உகாண்டா சென்ற உறக்க நோய் ஆய்வுக் குழுவில் இடம்பெற்று, நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரில் டிரிப்பனோசோம் ஒட்டுண்ணியைக் கண்டார். இக்கண்டுபிடிப்பு இவருடையதா, டேவிட் புரூசுடையதா என்னும் சர்ச்சை நெடுநாள் நீடித்தது.

இலங்கையில் ஆய்வுகள்

1903 இல் கொழும்பு நுண்ணுயிரியல் ஆய்வு நிலையத்தின் பொறுப்பேற்றார். 1905 இல் யாஸ் நோயின் கிருமியைக் கண்டறிந்தார். நாட்பட்ட இருமல் உடையோரின் சளியை ஆராய்ந்து, காசநோயை ஒத்த அறிகுறிகள் கொண்ட சிலரிடம் ஈஸ்ட் வகைப் பூஞ்சைகள் இருப்பதைக் கண்டார். 1910 இல் இவர் விவரித்தவற்றுள் ஒன்று பிற்காலத்தில் கேண்டிடா டிராபிகாலிஸ் எனப்பட்டது. மற்றொன்றான கேண்டிடா குரூசி, இவருடைய ஆசிரியரின் பெயரைத் தாங்கியது.

மறுமதிப்பீடு

கேண்டிடா பூஞ்சைகள் நலமுள்ளோரின் வாயிலும் குடலிலும் வாழக்கூடியவை. எனவே சளியில் அவை காணப்படுவதை மட்டும் கொண்டு நுரையீரல் நோய் என முடிவு செய்ய இயலாது. இக்காரணத்தால், இவர் விவரித்த பூஞ்சை மூச்சுக்குழாய் நோயைப் பிற்கால மருத்துவர்கள் பெரும்பாலும் ஐயத்துடனேயே நோக்கினர். ஆயினும் புற்றுநோய் மருந்துகளாலோ, உறுப்பு மாற்றுச் சிகிச்சையாலோ எதிர்ப்பாற்றல் குன்றியோரின் இரத்தத்தில் இப்பூஞ்சைகள் புகுந்தால் உயிருக்கே ஆபத்தாகும். அங்கிருந்து நுரையீரலுக்கும் பரவலாம். இந்தியத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இத்தகைய தொற்றை உண்டாக்கும் முதன்மையான இனங்களுள் டிராபிகாலிசும் ஒன்று. குரூசி, புளூகோனசோல் மருந்துக்கு இயல்பாகவே கட்டுப்படாதது. ஆகவே பூஞ்சையின் இனத்தை அறிவது தக்க மருந்தைத் தேர்வதற்கு இன்றியமையாதது. காஸ்டெல்லானியின் இலங்கைக் காலத்தில் இவற்றுக்கு ஏற்ற மருந்து இல்லை. 1950களில்தான் ஆம்போடெரிசின் பி கண்டறியப்பட்டது.

பிற்காலம்

1915 இல் இத்தாலி திரும்பிய காஸ்டெல்லானி, பின்னர் இலண்டனிலும் அமெரிக்காவிலும் கற்பித்தார். 1935-36 இல் எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிய இராணுவத்தின் மருத்துவப் பணிகளுக்குத் தலைமை தாங்கினார். இத்தாலியில் முடியாட்சி நீங்கியபின் அரச குடும்பத்தைத் தொடர்ந்து போர்த்துகல் சென்று, லிசுபனில் காலமானார். தோல் பூஞ்சை நோய்க்கு இவர் உருவாக்கிய செந்நிறப் பூச்சு மருந்து இவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பூஞ்சைகளைத் தூய நீரில் இட்டுப் பாதுகாக்கும் இவருடைய எளிய முறை ஆய்வகங்களில் இன்றும் பயன்படுகிறது.