சுவாமி சிவானந்தர்

சுவாமி சிவானந்த சரசுவதி (செப்டம்பர் 8, 1887 – ஜூலை 14, 1963) தமிழகத்தில் பிறந்து, இமயமலை அடிவாரத்தில் கங்கைக் கரையில் உள்ள ரிஷிகேஷில் வாழ்ந்த துறவி, மருத்துவர், யோக நூலாசிரியர் ஆவார். தஞ்சாவூரில் மருத்துவம் பயின்று மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றியபின் துறவு பூண்டார். துறவிகளுக்கே உரியதாகக் கருதப்பட்ட பிராணாயாமத்தை, இல்லறத்தாரும் அலுவலகப் பணியாளரும் அன்றாட வாழ்வில் செய்யக்கூடிய பயிற்சியாக எழுதிப் பரப்பியவர்களுள் இவர் குறிப்பிடத்தக்கவர்.

பிறப்பும் கல்வியும்

கோரைப் பாய்களுக்குப் பெயர்பெற்ற பத்தமடை, திருநெல்வேலிக்கு அருகில் உள்ள ஊர். அங்கு வேங்கு ஐயர், பார்வதி அம்மாள் தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார். இயற்பெயர் குப்புசாமி. பதினாறாம் நூற்றாண்டின் சைவ அறிஞர் அப்பைய தீட்சிதரின் மரபில் வந்த குடும்பம் இது. எட்டயபுரத்தில் பள்ளிக் கல்வியும், திருச்சிராப்பள்ளி எஸ்.பி.ஜி. கல்லூரியில் மேற்படிப்பும் பயின்றபின் தஞ்சாவூரில் மருத்துவக் கல்வியில் சேர்ந்தார். விடுமுறை நாட்களிலும் ஊருக்குச் செல்லாமல் மருத்துவமனையிலேயே தங்கி, அறுவை அரங்கில் நடப்பதைக் கவனித்துக் கற்றார்.

தந்தையின் மறைவுக்குப் பின், 1909 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியிலிருந்து "அம்புரோசியா" என்னும் ஆங்கில மருத்துவ இதழை வெளியிட்டார். தாயார் அளித்த நூறு ரூபாயே இதன் தொடக்க முதலீடாகும்.

மலாயாவில் மருத்துவப் பணி

1913 இல் மலாயா சென்ற குப்புசாமி, சிரம்பானுக்கு அருகில் இருந்த தோட்ட மருத்துவமனையிலும் பின்னர் சொகூரிலும் ஏறத்தாழ பத்தாண்டுகள் பணியாற்றினார். இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்கள் பலருக்கு மருத்துவம் செய்தார். வறியவர்களிடம் கட்டணம் பெறுவதைத் தவிர்த்தார். உடல் நோய் தீர்ந்தாலும் மனிதனின் மனத்துயர் தீர்வதில்லை என்னும் எண்ணம் இக்காலத்தில் அவருள் வலுப்பெற்றது. நல்ல வருமானம் தந்த பணியை விட்டு 1923 இல் இந்தியா திரும்பினார்.

துறவு

வட இந்தியாவில் சில காலம் அலைந்தபின் ரிஷிகேஷை அடைந்தார். 1924 ஜூன் 1 அன்று விசுவானந்த சரசுவதியிடம் துறவு ஏற்று சிவானந்தர் என்னும் பெயர் பெற்றார். துறவு ஏற்றபின்னும் மருத்துவத்தைக் கைவிடவில்லை. நோயுற்ற சாதுக்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் பணி செய்ததோடு, 1927 இல் இலவச மருந்தகம் ஒன்றையும் தொடங்கினார். 1936 இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார்.

மூச்சுப் பயிற்சி பற்றிய கருத்துகள்

பிராணாயாமம் குறித்த இவருடைய ஆங்கில நூல் 1935 இல் வெளிவந்தது. உள்ளிழுத்தல், அடக்கல், வெளிவிடுதல் ஆகியவற்றை 1:4:2 என்னும் அளவில் செய்யும் மரபு முறையுடன், கடினமல்லாத வேறு பயிற்சிகளும் இதில் விளக்கப்பட்டுள்ளன. நடக்கும்போது அடிகளை எண்ணி மூச்சை ஒழுங்குபடுத்துவது அவற்றுள் ஒன்று. தனியாக அமர நேரமில்லாத எழுத்தர்கள் அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியிலேயே இதைச் செய்யலாம் என்பது அவர் கருத்து. உடல் நலிந்தவர்கள் சவாசனத்தில் படுத்து, தசைகளைத் தளர்த்தி மெதுவாக மூச்சு விடும் முறையையும் கூறியுள்ளார். பயிற்சி முடிவில் களைப்பு தோன்றக் கூடாது, மூச்சை வலிந்து அடக்கக் கூடாது, படிப்படியாகவே முன்னேற வேண்டும் என்று எச்சரித்தார்.

மெதுவாக மூச்சு விடும்போது, குறிப்பாக வெளிமூச்சு நீளும்போது, இதயத் துடிப்பு தணிகிறது. உடலுக்கு ஓய்வு தரும் நரம்பு மண்டலப் பகுதியின் செயல்பாடு மிகுகிறது என்று இன்றைய உடலியல் விளக்குகிறது. எனினும் பிராணாயாமம் பல நோய்களைக் குணப்படுத்தும் என்று சிவானந்தர் எழுதியவை அனைத்தையும் தற்கால மருத்துவம் ஏற்பதில்லை. சிவானந்தரே பிற்காலத்தில் நீரிழிவு நோயால் துன்புற்றார். மூச்சுப் பயிற்சி மருத்துவத்திற்குத் துணையாகலாமே தவிர மாற்றாகாது. இதய நோய், ஆசுத்துமா உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனை பெற்றே இத்தகைய பயிற்சிகளைத் தொடங்குதல் வேண்டும்.

சீடர்கள்

சாதி, நாடு, ஆண், பெண் என்னும் வேறுபாடின்றிச் சீடர்களை ஏற்றார். செருமனியில் பிறந்து கனடாவில் வாழ்ந்த சிவானந்த ராதா என்ற பெண்மணிக்கு 1956 இல் துறவு அளித்தார். விஷ்ணுதேவானந்தர் கனடாவின் மொண்ட்ரியாலில் யோக நிலையம் அமைத்தார். சத்தியானந்தர் பீகாரின் முங்கேரில் யோகப் பள்ளி தொடங்கி, யோக நித்திரை என்னும் தளர்வுப் பயிற்சியைப் பரப்பினார். கோவை மாவட்டத்தைச் சேர்ந்த சச்சிதானந்தர் 1953 இல் இலங்கை சென்று பணியாற்றினார்; பின்னர் 1969 இல் அமெரிக்காவின் உட்சுடாக் இசை விழாவைத் தொடங்கிவைத்து உரையாற்றினார்.

மறைவு

சிவானந்தர் 200 க்கும் மேற்பட்ட நூல்களை எழுதியுள்ளார். 1963 ஜூலை 14 அன்று ரிஷிகேஷில் உள்ள தமது ஆசிரமத்தில் காலமானார். இந்திய அஞ்சல் துறை 1986 இல் இவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.