பஞ்ச காலத்தில் வேதநாயகர்

தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆசிரியர் என்ற அளவிலேயே மாயூரம் வேதநாயகம் பிள்ளையைப் பலர் அறிவர். அந்நாவல் அச்சேறியது 1879இல். அதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் அவர் எழுதுகோலை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், கத்தோலிக்கக் கிறித்தவக் குடும்பத்தில் 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றி, பின்னர் முன்சீப் ஆனார். தரங்கம்பாடி, சீர்காழி எனப் பல ஊர்களில் இருந்து, இறுதியாக மாயூரத்தை அடைந்தார். ஆங்கிலத்தில் கிடந்த உயர்நீதிமன்றத் தீர்ப்புகளைச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் தமிழாக்கித் தந்தார். வழக்கில் சிக்கிய எளியவன் தன் தலைவிதி எம்மொழியில் எழுதப்படுகிறது என்பதையேனும் அறிய வேண்டாவா?

1859இல் வெளிவந்த நீதிநூல், கைக்கூலியையும் உலோபத்தையும் சாடியது. நீதிமன்றப் படியேறி வருவோரின் கண்ணீரை அன்றாடம் கண்ட ஒருவர் பாடிய நூல் அது. எனினும் அறம் பாடுவது எளிது. பாடியவனிடமே அந்த அறம் வந்து கைநீட்டும் நாள்தான் அரிது. வேதநாயகருக்கு அந்நாள் தாது வருடத்தில் வந்தது.

1876இல் மழை பொய்த்தது. 1878 வரை நீண்ட அப்பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல இலட்சம் உயிர்கள் மாண்டன. தானிய விலை ஏறிக்கொண்டே போயிற்று. விளைச்சல் அறவே இல்லாத ஊர்களில் மட்டுமன்றி, நெல் இருந்தும் வாங்கப் பணமில்லாத ஊர்களிலும் மக்கள் பட்டினி கிடந்தனர். காவிரி வளநாட்டில் வாழ்ந்தவர்க்கு இது புரியாத கொடுமை. வேதநாயகர் அப்போது பதவியில் இல்லை. அரசாணை பிறப்பித்து எவரையும் ஏவும் அதிகாரமும் இல்லை. கையில் இருந்தது தாம் ஈட்டிய பொருள் மட்டுமே. அதைக் கஞ்சித்தொட்டிகளில் கொட்டினார். வந்தவர்களின் சாதியையும் சமயத்தையும் அவர் வினவவில்லை. வயிறு ஒன்றே அங்கே சான்று.

இந்த உறுதி அவருக்கு எங்கிருந்து வந்தது? மனைவியரை மரணத்துக்குப் பறிகொடுத்த துயரம் அவர் இல்லறத்தில் உண்டு. அத்துயரிலும் அவரைத் தாங்கியது இளமை முதல் பழகிய வழிபாடே. சத்திய வேதக் கீர்த்தனைகள், திருவருள் மாலை, திருவருள் அந்தாதி, தேவமாதா அந்தாதி ஆகியன அந்தப் பக்தியில் விளைந்தவை. பசித்தவனுக்கு இட்ட சோறு ஆண்டவனுக்கே இட்டது என்னும் கிறித்தவ நெறியை அவர் ஏட்டில் படித்ததோடு விடவில்லை. தம் சமயத்தில் ஊன்றி நின்றமையாலேயே பிற சமயத்தாரைக் கண்டு அவர் அஞ்சவில்லை எனலாம். 1878இல் வந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனையில் எந்தச் சமயத்தாரும் தத்தம் இறைவனை எண்ணிப் பாடலாம். பஞ்சம் தீர வேண்டிக் கடவுளிடம் முறையிடும் பாடல்களும் அதில் உண்டு. கஞ்சி ஊற்றிய கை எழுதிய பாடல்கள் அவை. செவிக்கு இனிமை தேடுவோர் இதையும் நினைவிற்கொள்வது நலம்.

அந்நாளைய மாயூரத்தின் புலமை உறவுகளும் அத்தகையனவே. திருவாவடுதுறை ஆதீனப் புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர்மீது குளத்துக்கோவை பாடினார். இவரோ சைவ மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகரைப் பாடினார். நந்தனார் சரித்திரம் தந்த கோபாலகிருஷ்ண பாரதியாரும் மாயூரத்தில் வாழ்ந்தவர். சிவபெருமானையன்றிப் பிறரைப் பாடுவதில் நாட்டமில்லாத அத்துறவுள்ளம், வேதநாயகரின் பஞ்சப் பணியைக் கண்டு உருகி, மனிதருள் மேருமலை என அவரை ஏற்றிக் கீர்த்தனை செய்தது. செல்வர் புகழ் பாடிப் பரிசில் பெறும் வழக்கம் தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று. இங்கோ பாடப்பட்டவர், வாரி வழங்கித் தம் பொருளைக் கரைத்துக்கொண்டவர்.

பஞ்சம் ஓய்ந்தபின் சுகுணசுந்தரி என்னும் இரண்டாம் நாவலை எழுதி 1887இல் வெளியிட்டார். 1889ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள், மாயூரத்திலேயே அவர் கண் மூடினார்.