நாயின் கதையைத் தமிழுக்குத் தந்த கலைக்களஞ்சியத் தூரன்

நீதிபதி வீட்டில் செல்லமாக வளர்ந்த நாய் ஒன்று, கடைசியில் காட்டுக்குப் போய் ஓநாய்க் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய கதை உலகப் புகழ் பெற்றது. அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் எழுதிய இந்தக் கதை 1903ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதைக் 'கானகத்தின் குரல்' என்ற பெயரில் தமிழில் தந்தவர் பெரியசாமித் தூரன். தமிழில் முதன்முதலாகப் பெரிய கலைக்களஞ்சியம் ஒன்றை உருவாக்கிய அதே தூரன்தான் அவர்.

கிராமத்திலிருந்து கடற்கரைக்கு

தூரன் 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் தேதி பிறந்தார். ஊர், ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிக்கு அருகில் உள்ள மஞ்சக்காட்டுவலசு. விவசாயக் குடும்பம். தூரன் என்பது அவருடைய குலப்பெயர். பிற்காலத்தில் அதுவே நாடறிந்த பெயராகி நிலைத்துவிட்டது.

மேற்படிப்புக்காகச் சென்னைக்கு வந்தார். மெரினா கடற்கரைக்கு எதிரே உள்ள மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அக்காலத்தில் நாடெங்கும் விடுதலைப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்தது. மாணவர் உள்ளத்திலும் அந்தத் தீ பற்றியது. தூரன் தோழர்களோடு சேர்ந்து 'பித்தன்' என்ற பத்திரிகையை நடத்தினார்.

1931ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி பகத்சிங் தூக்கிலிடப்பட்டார். செய்தி கேட்டு நாடே கலங்கியது. தூரனுக்கு அது பட்டப்படிப்பின் இறுதித் தேர்வு நேரம். ஊரில் எத்தனையோ பேர் அவர் பட்டம் பெற்று வருவார் என்று காத்திருந்திருப்பார்கள். ஆனால் அவர் தேர்வு எழுத மறுத்துவிட்டார்!

பிறகு ஆசிரியர் தொழிலை ஏற்றார். கோபிச்செட்டிபாளையத்திலும், அதன்பின் கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்தியாலயத்திலும் பணி செய்தார். பிள்ளைகளோடு பழகப் பழக, அவர்கள் மனத்தை அறியும் ஆவல் அவருக்கு வளர்ந்தது. மனத்தைப் பற்றிய நூல்களை எளிய தமிழில் எழுதத் தொடங்கினார்.

இருபது ஆண்டு வேள்வி

நாடு விடுதலை பெறும் காலத்தில் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம். தமிழில் எல்லா அறிவுத் துறைகளும் வளர வேண்டும் என்று தமிழ் வளர்ச்சிக் கழகத்தை 1946இல் தோற்றுவித்தவர் அவர். கழகம் எடுத்துக்கொண்ட முதற்பெரும் பணி கலைக்களஞ்சியம். வானம், பூமி, மருந்து, இசை, வரலாறு என்று எதைப் பற்றிக் கேட்டாலும் விடை தரும் நூல் அது. தலைப்புகளை அகர வரிசையில் அடுக்க வேண்டும். அந்தந்தத் துறை அறிஞரிடம் கட்டுரை வாங்க வேண்டும். தமிழில் அதுவரை சொல் இல்லாத பொருளுக்கெல்லாம் சொல் காண வேண்டும்.

இந்தப் பெரும் பாரத்தைத் தூக்கத் தூரன் அழைக்கப்பட்டார். 1948இல் தலைமைப் பதிப்பாசிரியராகப் பொறுப்பேற்றார். அப்போது வயது நாற்பது. மாணவராக வந்த அதே கடற்கரைக்கு மீண்டும் வந்து, சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகக் கட்டிடத்தில் அமர்ந்து வேலை செய்தார்.

முதல் தொகுதி 1954இல் வெளிவந்தது. பத்தாம் தொகுதி 1968இல் வந்தது. அப்போது அவருக்கு வயது அறுபது! அந்த ஆண்டே மத்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது.

அத்துடன் அவர் ஓய்ந்துவிட்டாரா? இல்லை. குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு கலைக்களஞ்சியம் தொடங்கினார். அதுவும் பத்துத் தொகுதிகள். 1976இல் அதையும் முடித்துக் கொடுத்தார்.

உறங்கிக் கிடந்த குணம்

இப்படிப்பட்டவர் மொழிபெயர்த்த நாயின் கதை என்ன?

நாயின் பெயர் பக். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் நீதிபதி மில்லர் வீட்டில் ராஜாவைப் போல வாழ்ந்தது. 1897இல் வடக்கே கிளாண்டைக் என்ற பனிப் பிரதேசத்துக்குத் தங்கம் தேடி ஆயிரக்கணக்கானவர்கள் ஓடினார்கள். பனியில் சறுக்குவண்டி இழுக்க வலுவான நாய்கள் தேவைப்பட்டன. தோட்டக்காரரின் உதவியாள் சூதாட்டக் கடனில் சிக்கியவன். அவன் பக்கைத் திருடி விற்றுவிட்டான்.

அதன்பின் தடியடி, பட்டினி, எலும்பை உறைய வைக்கும் குளிர். வீட்டில் பழகிய மென்மை எல்லாம் உதிர்ந்தது. பனியில் குழி பறித்து உறங்கக் கற்றது. சண்டையிட்டு உணவைக் காக்கக் கற்றது. ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த முன்னோரின் குணம் அதன் இரத்தத்தில் விழித்துக்கொண்டது. தார்ன்டன் என்ற நல்ல எஜமானின் அன்பு மட்டுமே அதை மனிதனோடு கட்டிவைத்தது. அவர் கொல்லப்பட்டதும் அந்தக் கட்டும் அறுந்தது. பக் ஓநாய்களோடு சேர்ந்துவிட்டது.

ஜாக் லண்டன் தாமே 1897இல் அந்தத் தங்கப் பூமிக்குப் போனவர். கண்ணால் கண்ட பனியையும் நாய்களையும் வைத்தே கதை புனைந்தார். நாய் ஓநாய் வழி வந்த விலங்கு என்பது உண்மை. ஆனால் ஒரு நாய் தன் ஆயுளுக்குள் ஓநாயாகவே மாறிவிடுவது கதையில்தான் நடக்கும். பெற்றோரிடமிருந்து நமக்கு வருவது எது, வளரும் இடம் நமக்குத் தருவது எது என்ற கேள்வியோ மெய்யானது. அது மனிதருக்கும் உரிய கேள்வி.

தூரனுக்கு அந்தக் கேள்வி புதிதன்று. முன்னோரிடமிருந்து வரும் குணங்களைப் பற்றிப் 'பாரம்பரியம்' என்ற நூலையும், நாம் அறியாமல் நமக்குள் இயங்கும் மனத்தைப் பற்றி 'அடிமனம்' என்ற நூலையும் எழுதியவர் அவர். அந்த நூல்களில் விஞ்ஞானமாக வந்த பொருள், நாயின் கதையில் சுவையான கதையாக வந்தது. கட்டுரை படிக்கத் தயங்குகிறவரும் கதை படிப்பார் அல்லவா?

சபைகளில் வாழும் குரல்

தூரன் இசையிலும் வல்லவர். சுமார் 600 கீர்த்தனைகள் இயற்றினார். மயிலாப்பூர், தியாகராய நகர் சபைகளில் மார்கழிக் கச்சேரிகளில் அவருடைய பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. தமிழ் இசைச் சங்கம் 1972இல் அவருக்கு இசைப் பேரறிஞர் பட்டம் வழங்கியது. பழைய சுதேசமித்திரன் இதழ்களைப் புரட்டி, மறைந்து கிடந்த பாரதியார் எழுத்துக்களைத் தேடித் தொகுத்ததும் அவர் செய்த அரிய தொண்டு.

1987ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் தேதி தூரன் காலமானார். அவருடைய நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியது. ஆகையால் பக்கின் கதையை இன்று யாரும் அச்சிடலாம். எந்த வீட்டிலும் பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டலாம்.