போர்க்களம் கண்டவர்களை மறவாத கலீபா

போருக்குப் புறப்படும் வீரனை ஊரே கூடி வழியனுப்புகிறது. வெற்றியோடு திரும்பினால் தக்பீர் முழங்கி வரவேற்கிறது. அதன் பிறகு? கையையோ காலையோ இழந்து வந்தவர் எப்படிப் பிழைக்கிறார், திரும்பி வராதவரின் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பவர் எத்தனை பேர்? இரண்டாம் கலீபா ஹளரத் உமர் இப்னுல் கத்தாப் (ரலி) அவர்களின் வாழ்க்கையைப் புரட்டினால், இந்தக் கேள்விக்கு அழகான விடை கிடைக்கிறது.

மக்காவில் குறைஷிகளின் அதீ கிளையில் பிறந்த உமர் (ரலி) அவர்கள் இளமையில் தந்தையின் ஒட்டகங்களை மேய்த்தவர்கள். இஸ்லாத்தைத் தழுவிய பின் பத்ர், உஹத் முதலிய போர்களில் அண்ணல் நபி (ஸல்) அவர்களுடன் நின்றவர்கள். களத்தின் காயத்தையும் பசியையும் நேரில் கண்டவர்கள். ஹிஜ்ரி 13-ல் (கி.பி. 634) கலீபாவாகப் பொறுப்பேற்றார்கள். அவர்கள் ஆட்சியில் ஷாம், இராக், மிஸ்ர் ஆகிய நாடுகள் வெற்றி கொள்ளப்பட்டன. படையினர் தங்குவதற்காக எழுந்த பஸ்ரா, கூபா, புஸ்தாத் ஆகியவை நாளடைவில் குடும்பங்கள் வாழும் பெரும் நகரங்களாயின.

இராக்கின் விளைநிலங்களைத் தங்களுக்கே பங்கிட்டுத் தருமாறு படையினரில் சிலர் கேட்டனர். கலீபா இணங்கவில்லை. அன்று பங்கிட்டுவிட்டால் பின்னால் வரும் அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் ஒன்றும் மிஞ்சாது என்பது அவர்களுடைய கவலை. எனவே நிலத்தைப் பழைய உழவர்களிடமே விட்டு, கராஜ் என்னும் நிலவரியை பைத்துல்மாலில் சேர்த்தார்கள். அந்த வருவாயிலிருந்து ஆண்டுதோறும் மானியம் வழங்க திவான் என்னும் பதிவேடு உண்டாயிற்று. இது ஹிஜ்ரி 20-ல் நடந்தது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. வம்சாவளி அறிந்த அகீல், மக்ரமா, ஜுபைர் (ரலி) ஆகிய மூவர் அதை எழுதினர். கலீபாவின் குலத்தை முதலில் எழுத அவர்கள் முன்வந்தபோது, உமர் (ரலி) அவர்கள் தடுத்து, நபிகளாரின் உறவினரிலிருந்து தொடங்கச் செய்தார்கள். பத்ரில் கலந்துகொண்டோருக்கு ஆளுக்கு 5,000 திர்ஹம் என வகுக்கப்பட்டது. மனைவி மக்களின் பெயரும் ஏட்டில் ஏறிற்று. கையேந்திப் பெறும் தர்மமாக இன்றி, எழுதி வைத்த ஹக்காக அது அமைந்தது.

ஏட்டில் எழுதியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஒருநாள் மக்களுக்கு உணவு பரிமாறப்பட்டபோது ஒருவர் இடக்கையால் சாப்பிடுவதைக் கண்டார்கள். வலக்கையால் உண்ணுமாறு சொன்னார்கள். அந்தக் கை மூத்தா போரில் போய்விட்டதாக அவர் தெரிவித்தார். உமர் (ரலி) அவர்கள் அவரருகில் அமர்ந்து அழுதார்கள். உளூச் செய்விப்பவர் யார், தலை கழுவிவிடுபவர் யார், துணி துவைப்பவர் யார் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். பின்னர் அவருக்கு ஒரு பணியாளும் வாகனமும் உணவுப் பொருளும் கொடுக்க உத்தரவிட்டதாக அறிவிக்கப்படுகிறது. ஊனமுற்றவரின் அன்றாடத் தேவையைக் கேட்டறிந்து உதவிய பண்பை நாம் இங்கே கவனிக்க வேண்டும்.

மற்றொரு நாள் கடைத்தெருவில் ஓர் இளம்பெண் அவர்களை நிறுத்தினாள். கணவர் இறந்துவிட்டார், குழந்தைகளோ சிறியவர்கள், பயிருமில்லை, பாலுக்குக் கால்நடையுமில்லை. ஹுதைபிய்யாவில் நபி (ஸல்) அவர்களுடன் இருந்த குபாப் (ரலி) அவர்களின் மகள் தான் என்றும் கூறினாள். கலீபா அங்கேயே நின்று கேட்டார்கள். வலுவான ஓர் ஒட்டகத்தில் இரு மூட்டை நிறைய உணவை ஏற்றி, பணமும் துணியும் வைத்து, கயிற்றை அவள் கையில் கொடுத்தார்கள். இது அதிகமல்லவா என்று ஒருவர் குறைப்பட்டார். இவளுடைய தந்தையும் சகோதரனும் நெடுநாள் முற்றுகையிட்டு வென்ற கோட்டையின் பலனைத்தான் நாமெல்லாம் அனுபவிக்கிறோம் என்பதை அவருக்கு உணர்த்தினார்கள்.

உஹதில் தோல்பையில் தண்ணீர் சுமந்து வந்த உம்மு ஸலீத் (ரலி) அவர்களையும் அவர்கள் மறக்கவில்லை. மதீனாப் பெண்களுக்கு ஆடைகள் பங்கிட்டபோது நல்ல ஆடையொன்று எஞ்சியது. அதைக் கலீபாவின் மனைவிக்குக் கொடுக்கலாம் என்றனர் சிலர். அதற்கு உம்மு ஸலீத் அவர்களே அதிக உரிமையுடையவர் என்று தீர்ப்பளித்தார்கள்.

தம் சட்டமே தவறாகப் போனபோது அதைத் திருத்தவும் அவர்கள் தயங்கவில்லை. பால்குடி மறந்த குழந்தைக்குத்தான் மானியம் என்பது முதலில் இருந்த விதி. ஓர் இரவு காவல் சுற்றும்போது ஒரு குழந்தை ஓயாமல் அழுதது. மானியம் கிடைக்கட்டும் என்று தாய் முன்கூட்டியே பால் மறக்கடிக்கிறாள் எனத் தெரிந்தது. அன்று பஜ்ர் தொழுகையில் அழுகையால் அவர்களுடைய ஓதல் மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. பிறந்த உடனேயே ஒவ்வொரு குழந்தைக்கும் மானியம் உண்டென்று ஊரெங்கும் அறிவிக்கச் செய்தார்கள். இன்னோர் இரவில், களம் சென்ற கணவனை எண்ணி ஏங்கும் பெண்ணின் குரல் கேட்டது. தம் மகளார் ஹப்ஸா (ரலி) அவர்களிடம் ஆலோசித்து, மணமானவர்களை நெடுங்காலம் களத்தில் நிறுத்தக் கூடாதென ஆணையிட்டார்கள். அந்தக் கால வரம்பு 4 மாதம் என்றும் 6 மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன.

ஹிஜ்ரி 23-ல் (கி.பி. 644) பஜ்ர் தொழுகையில் கத்தியால் குத்தப்பட்டு அவர்கள் ஷஹீதானார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன்புகூட, தாம் உயிரோடிருந்தால் இராக்கின் விதவைகள் இனி எவர் தயவையும் நாடாதபடி செய்துவிட வேண்டும் என்ற எண்ணத்தையே வெளியிட்டிருந்தார்கள்.

படையில் இருந்து திரும்பியவர்களும், அவர்களை இழந்த குடும்பங்களும் நம் மஹல்லாவிலும் இருக்கலாம். அவர்கள் வந்து கேட்கட்டும் என்று நாம் காத்திருக்கிறோமா, அல்லது தேடிச் சென்று விசாரிக்கிறோமா? ஹளரத் உமர் (ரலி) அவர்களைப் புகழும் நாவு, அவர்கள் கேட்ட கேள்விகளையும் கேட்க வேண்டாமா? வல்ல அல்லாஹ் நமக்கு அந்த தவ்பீக்கைத் தந்தருள்வானாக! ஆமீன்.