நோன்பின் பெயர் கொண்ட சமையற்காரர்

பாரிசில் நான்கு நாள் தங்கினோம். காலையில் குரோசான் வாங்கிப் பசியாறுவோம். மதியம் ஏதாவது ஒரு சிறிய உணவகம். மாலையில் கேக் கடைக் கண்ணாடி முன் நின்று, விலையை ரிங்கிட்டில் கணக்கிட்டுப் பெருமூச்சு விடுவோம். மூன்றாம் நாள் விவியென் தெருப் பக்கம் ஒரு மில்ஃபை வாங்கினேன். ஆயிரம் இதழ் என்று பொருள். ஒரு கடி கடித்ததும் சட்டையெல்லாம் துகள்!

அந்தத் தெருவில்தான் அந்தோனின் கரேம் வேலை கற்றார். பிரெஞ்சு மொழியில் கரேம் என்றால் தவக்காலம், அதாவது நோன்புக் காலம். ஐரோப்பாவின் அரசர்களுக்குச் சமைத்தவருக்கு இப்படி ஒரு பெயர்!

பெயருக்கேற்ற பிள்ளைப் பருவம்தான். 1780களில் பாரிசில் ஓர் ஏழைக் கூலியாளின் பெரிய குடும்பத்தில் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்தபோது, வளர்க்க வழியில்லாமல் தந்தை அவரைத் தெருவில் விட்டுவிட்டுப் போனார். மலிவான ஓர் உணவுக் கடை அவருக்கு வேலையும் படுக்க இடமும் தந்தது.

பதினைந்து வயதளவில் பய்யி என்ற புகழ்பெற்ற கேக் கடைக்காரரிடம் சேர்ந்தார். இங்கேதான் எனக்கு வியப்பு. தேசிய நூலகம் கடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கே போய்ப் படங்கள் பார்க்க முதலாளி அவருக்கு நேரம் ஒதுக்கித் தந்தார். பள்ளிக்கூடம் போகாத பையன் கிரேக்கக் கோவில், எகிப்திய பிரமிடு, இடிந்த கோட்டை ஆகியவற்றின் வரைபடங்களைப் பார்த்து வரைந்தான். பிறகு அவற்றைச் சர்க்கரையிலும் பாதாம் விழுதிலும் கட்டினான். அந்தக் கட்டடங்களைப் பய்யி கடையின் முகப்பில் வைத்தார்.

என் தம்பி எஸ்.பி.எம். முடித்ததும் கேக் செய்யும் பயிற்சிக்குப் போக வேண்டும் என்றான். அம்மாவுக்கு விருப்பமில்லை. படிப்பு வராதவர்கள் போகும் இடம் என்று நானும் அம்மா பக்கம் பேசினேன். நூலகத்தின் மதிலைத் தாண்டி நடந்தபோது அது நெஞ்சில் உறுத்தியது.

பிறகு கரேமுக்கு ஏறுமுகம்தான். நெப்போலியனின் வெளியுறவு அமைச்சர் தாலிரானுக்குச் சமைத்தார். இங்கிலாந்தின் இளவரசர், பிரைட்டன் மாளிகைக்கு அவரை அழைத்துக்கொண்டார். 1817 ஜனவரி 18 அன்று அங்கே நடந்த ஒரே விருந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட உணவு வகைகள். ஆனாலும் இங்கிலாந்து அவருக்குப் பிடிக்கவில்லை. விரைவிலேயே பாரிசுக்குத் திரும்பிவிட்டார். கடைசியாகச் சமைத்தது ரோத்ஸ்சைல்டு என்ற வங்கியாளரின் வீட்டில்.

இடையில் எழுதிக்கொண்டே இருந்தார். 1815இல் வந்த கேக், பலகார நூலில் படங்களும் அவருடையவை. இன்று சமையல் கல்லூரிகளில் தாய்ச் சாறுகள் என்று சொல்லித்தருகிறார்களே, பிரெஞ்சு சாஸ்களை அப்படி முறையாக வகைப்படுத்தியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

அக்காலச் சமையலறைகளில் கரி அடுப்புகள்தாம். உணவு ஆறாமலிருக்க சன்னல்களையும் மூடிவைப்பார்களாம். ஆண்டுக்கணக்காகச் சுவாசித்த அந்தப் புகைதான் அவரைக் கொன்றது என்பார்கள். 1833 ஜனவரி 12 அன்று இறந்தார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பிரெஞ்சுச் சமையற்கலை பற்றிய அவரது பெருநூலில் மூன்று பாகங்களே முடிந்திருந்தன. மீதி இரண்டை புளுமெரே என்ற சமையற்காரர் எழுதி முடித்தார்.

அன்றிரவு மில்ஃபை படத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். மாவை எத்தனை முறை மடித்திருப்பார்கள் என்று உடனே கேட்டான். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை அதே கடைக்குப் போய் விசாரித்தேன்.