ஆசிரியர்களை மறவாத ஐயரவர்கள்

சீவக சிந்தாமணியை அச்சிற் கண்டு இன்று நாம் கையிலேந்திப் படிப்பதற்குக் காரணமான மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர், சமணர் அல்லர். 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் சைவ மரபினதான ஓர் அந்தணக் குடும்பத்திற் பிறந்தவர். ஊர் உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். மகனுக்குத் தமிழில் இருந்த வேட்கையைக் கண்டு, நல்லாசிரியர் கிடைக்கும் ஊர்களுக்கெல்லாம் குடும்பத்தோடு பெயர்ந்து சென்றார். அரியலூர்ச் சடகோபையங்கார் முதலிய பலரிடம் ஐயர் பாடங் கேட்டார்.

1871ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்தார். அங்கே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயிலவும் வாய்ப்புக் கிட்டியிருந்தது. ஆசிரியருக்கு அதில் விருப்பமில்லை என்று அறிந்ததும் இசைப்பயிற்சியை நிறுத்திக்கொண்டார். இசைக்குடும்பத்தில் வந்த இளைஞருக்கு அஃது எளிய துறவன்று. வேங்கடராமன் என்ற பெயரைச் சாமிநாதன் என்று மாற்றி வழங்கியவரும் பிள்ளையவர்களே. மாணாக்கரிடம் பொருள் வாங்காது, தம் வறுமையிலும் அவர்களுக்கு உணவளித்துக் கற்பித்த பெருந்தகை அவர். 1876 பிப்ரவரி முதல் நாள் அவர் உயிர் பிரியுங்கால், அருகிலிருந்து திருவாசகம் படித்தவர் ஐயரே.

பிள்ளையவர்களின் மாணாக்கருள் மூத்தவரான தியாகராச செட்டியார், 1880இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றபோது, அந்தத் தமிழாசிரியப் பதவியை ஐயருக்குப் பெற்றுத் தந்தார். அவ்வாண்டு அக்டோபரில் சேலம் இராமசாமி முதலியார் அவ்வூருக்கு முன்சீபாக வந்தார். ஐயர் கற்ற அந்தாதிகளையும் புராணங்களையும் கேட்டும் முதலியார் வியக்கவில்லை. சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். கல்லூரி ஆசிரியருக்கு அவ்வினா சற்றே சுட்டிருக்கும். எனினும் முதலியார் தந்த கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டு படிக்கத் தொடங்கினார்.

சொல் விளங்கியது, சமயம் விளங்கவில்லை. பிள்ளையவர்களிடம் கேளாத பாடம் இது. கும்பகோணத்திற் சமணர் வாழ்வதை அறிந்து, சந்திரநாத செட்டியார் என்னும் அன்பரின் இல்லத்திற்குச் சென்றார். அன்று அங்கே மாவிலைத் தோரணங் கட்டியிருந்தது. காரணம் கேட்டபோது, சிந்தாமணிப் பாராயணம் அன்று நிறைவெய்தியதாகச் சொன்னார்கள். தாம் ஏடு தேடித் திகைத்து நின்ற காப்பியம் ஓர் இல்லத்தில் வழிபாட்டு நூலாக விளங்குவதைக் கண்டு ஐயர் வியப்புற்றார். வீடூர் அப்பாசாமி நயினார் முதலியோரிடம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். பிறசமயத்தவர் என்று அவர்களும் விலக்கவில்லை. அவருடைய ஆர்வத்தைக் கண்டு, அவர் பவ்யராக இருக்கவேண்டும் என்று எண்ணினார்கள். கல்லூரி ஆசிரியர், வீட்டுத்திண்ணையில் மாணாக்கராயினார். காப்பியத்திற் சீவகனுக்கும் அச்சணந்தியாகிய ஆசான் வாய்த்த பிறகே தன் பிறப்பின் வரலாறு தெரிந்தது என்பதை இங்கு நினைக்கலாம். பல பிரதிகளை ஒப்புநோக்கி, நச்சினார்க்கினியர் உரையுடன் 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். அச்சமண அன்பர்களின் உதவியைத் தம் சுயசரிதத்தில் விரிவாக எழுதிவைத்தார்.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிய ஐயர், திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். எழுபத்தைந்து வயதைக் கடந்த பின்னர், பிள்ளையவர்களின் சரித்திரத்தை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். தம் சரித்திரத்தைத் தொடங்கியது அதற்குப் பின்புதான். ஆனந்த விகடனில் வெளிவந்துகொண்டிருந்த அது முற்றுப்பெறுமுன், 1942 ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் அவர் காலமானார்.